எர்மோஸோ, ஃப்ருமோஸ், பெல்லோ: லத்தீனின் 'அழகான' எங்கெங்கே போயிற்று?

#1 வேர்தேடி

வணக்கம் நண்பர்களே. ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் 'அழகான' என்பதற்கு 'எர்மோஸோ' என்றொரு சொல் உண்டு. எழுதும்போது முன்னால் ஒரு ஹகரம் இருக்கும், உச்சரிப்பில் வராது. ருமேனிய மொழியில் அதே பொருளுக்கு 'ஃப்ருமோஸ்' என்கிறார்கள். இரண்டும் 'ஃபோர்மோஸுஸ்' என்ற ஒரே லத்தீன் பெயரடையிலிருந்து பிறந்தவை என்று அகராதியில் பார்த்தேன். காதில் கேட்டால் அப்படித் தெரியவே இல்லை.

இன்னொன்றும் புரியவில்லை. மேற்குக் கோடியில் ஸ்பெயின், கிழக்குக் கோடியில் ருமேனியா. நடுவில் கிடக்கும் பிரான்ஸும் இத்தாலியும் 'போ', 'பெல்லோ' என்று வேறு சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. லத்தீன் பிறந்ததே இத்தாலியில்தானே? பிறந்த வீட்டில் இல்லாத சொல் இரண்டு கோடியிலும் வாழ்வது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் இலக்கணத்தோடு விரிவாகவே சொல்லுங்கள்.

#2 பழஞ்சுவடி

நல்ல கேள்வி. இரண்டாவது பகுதிதான் பெரிய விஷயம். அதற்கு முன் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

'ஃபோர்மா' என்றால் வடிவம், உருவம், அச்சு. '-ஓஸுஸ்' என்பது 'நிறைந்த' என்று பொருள்தரும் விகுதி. ஆக, ஃபோர்மோஸுஸ் என்றால் 'வடிவம் நிறைந்த', 'நல்ல உருவம் வாய்த்த'. இதே விகுதிதான் ஸ்பானிஷிலும் இத்தாலியனிலும் '-ஓஸோ', ருமேனியனில் '-ஓஸ்', ஃபிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'ஃபேமஸ்', 'டேஞ்சரஸ்' ஆகியவற்றின் வால். சமஸ்கிருதத்தின் '-வந்த்' விகுதியோடு (நம் 'ரூபவதி', 'குணவதி'யில் இருப்பது) இதற்கு உறவு உண்டு என்று ஒரு கருத்து உண்டு. எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் 'ரூபவதி' என்ற சொல்லின் கட்டுமானமும் ஃபோர்மோஸா என்பதன் கட்டுமானமும் ஒன்றுதான்: உருவம் என்ற பெயர், அதன்மேல் 'உடைய, நிறைந்த' என்ற விகுதி.

திரிபுகள்: ஆண்பாலுக்கு ஃபோர்மோஸுஸ், பெண்பாலுக்கு ஃபோர்மோஸா, இரண்டும் இல்லாத மூன்றாம் பாலுக்கு ஃபோர்மோஸும். லத்தீனில் பெயரடை தான் தழுவும் பெயரோடு பால், எண், வேற்றுமை மூன்றிலும் ஒத்துப்போக வேண்டும். நாம் 'அழகான பையன், அழகான பெண், அழகான வீடுகளை' என்று ஒரே 'அழகான'வை வைத்து ஓட்டிவிடுவோம். அங்கே அது நடக்காது. 'அழகான பெண்ணை' என்றால் ஃபோர்மோஸாம், 'அழகான பெண்ணின்' என்றால் ஃபோர்மோஸாய், 'அழகான பையன்களை' என்றால் ஃபோர்மோஸோஸ்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டாம் வேற்றுமை. பேச்சு லத்தீனில் அதன் கடைசி மகரம் வெகு சீக்கிரமே உதிர்ந்துவிட்டது. 'அழகான பையனை' என்ற 'ஃபோர்மோஸும்' என்பது 'ஃபோர்மோஸு' ஆயிற்று. ஸ்பானிஷும் போர்த்துகீசும் எடுத்துக்கொண்ட வடிவம் இதுதான். ஸ்பானிஷ் பன்மை 'எர்மோஸோஸ்' அப்படியே பழைய இரண்டாம் வேற்றுமைப் பன்மை.

இனி ஒலி மாற்றம். மூன்று படி.

முதலில் 'ஃபோர்-மோ' என்று அடுத்தடுத்து வந்த இரண்டு ஓகாரங்களில் முன்னது எகரமானது: ஃபெர்மோஸோ. வட்டமான என்ற பொருள்தரும் 'ரொத்துந்துஸ்' ஸ்பானிஷில் 'ரெதோந்தோ' ஆனதும் இதே வழிதான். பிறகு ஸ்பெயினின் காஸ்தீலியப் பகுதியில் சொல்முதல் ஃபகரம் ஹகரமாகத் தேய்ந்தது. ஃபீலியுஸ் (மகன்) என்பது 'இஹோ', ஃபரீனா (மாவு) என்பது 'அரீனா', ஃபோர்மீகா (எறும்பு) என்பது 'ஓர்மீகா' என்று நூற்றுக்கணக்கில் மாறின. கன்னடம் தெரிந்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. நம் பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பள்ளி ஹள்ளி. ஸ்பானிஷில் மூன்றாவது படியாக அந்த ஹகரமும் வாயிலிருந்து மறைந்து எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது.

பழைய ஃபகரம் நெடுநாள் நினைவில் இருந்தது. 1605இல் வந்த தோன் கிஹோத்தே நாவலில் நாயகன் பழைய வீரர் கதைகளின் நடையில் பேசும்போது 'ஃபெர்மோஸுரா' (அழகு) என்று ஃபகரம் போட்டே பேசுவான். அந்தக் காலத்து வாசகருக்கே அது பழங்காலத் தமிழ் மாதிரிக் கேட்டிருக்கும்.

ருமேனியனில் வேறு வழி. அங்கே ரகரம் இடம் பெயர்ந்தது: ஃபோர்-மோஸ் என்பது ஃப்ரு-மோஸ். தசை சதை ஆனது, விசிறி சிவிறி ஆனது நமக்குத் தெரியும். அதே எழுத்து நிலைமாறல்தான். அழுத்தம் இல்லாத ஓகாரம் உகரமாவது அந்த மொழியின் பொது வழக்கம். ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள கலீசியாவிலும் இடைக்காலப் போர்த்துகீசியப் பாடல்களிலும் 'ஃப்ரெமோஸா' என்ற வடிவம் வருகிறது. அதை நடுவில் வைத்துப் பார்த்தால் ஃபெர்மோஸாவுக்கும் ஃப்ருமோஸுக்கும் இருக்கிற உறவு கண்ணுக்கே தெரியும்.

#3 க்லூஜ்வாசி

நான் யாழ்ப்பாணம், இப்ப வேலை ருமேனியாவில. 'ஃப்ருமோஸ்' இங்க நாள் முழுக்கக் காதில விழுற சொல். ஆண்பாலுக்கு ஃப்ருமோஸ், பெண்பாலுக்கு ஃப்ருமுவாஸ. சொல்லின்ர கடைசியில அகரம் எகரம் வந்தால் முன்னால இருக்கிற ஓகாரம் உடைஞ்சு 'உவா' ஆகும். பன்மையில ஆண்களுக்கு ஃப்ருமோஷ், பெண்களுக்கு ஃப்ருமுவாஸெ. அழகு என்ற பெயர்ச்சொல் 'ஃப்ருமுசெத்ஸெ'. இவையளின்ர நாட்டுப்புறக் கதையில வாற இளவரசனுக்குப் பேரே 'ஃபத் ஃப்ருமோஸ்', அழகன் எண்டு.

பழஞ்சுவடி அண்ணை, நீங்கள் 'வடிவம் நிறைந்த' எண்டு எழுதினதைப் பாத்ததும் எனக்கு ஒண்டு பட்டது. எங்கட ஊரில அழகு எண்ட சொல்லை ஆர் சொல்லுறது? 'வடிவு' எண்டுதானே சொல்லுவம். வடிவான பெட்டை, வடிவான வீடு. லத்தீன்காரன் ஃபோர்மாவில இருந்து போன அதே வழி.

அதோட நிக்கேல்லை. நாங்கள் 'வடிவாப் பாத்து நட', 'வடிவாக் கேள்' எண்டு சொன்னால் அழகாப் பார் எண்டு பொருள் இல்லை. ஒழுங்கா, கவனமா எண்டு பொருள். இங்கயும் தாய்மார் சின்னப் பிள்ளையளுக்கு 'வொர்பெஷ்தெ ஃப்ருமோஸ்' எண்டு சொல்லுவினம். மரியாதையா, ஒழுங்காப் பேசு எண்டு. ருமேனியனில பெயரடையையே அப்பிடியே வினையடையாப் போடலாம், விகுதி தேவையில்லை.

#4 பழஞ்சுவடி

க்லூஜ்வாசி தம்பி, அருமை. இதுபோல அந்த மொழிக்குள் இருக்கிறவர் சொன்னால்தான் விஷயம் நிற்கிறது. வடிவம் என்பதிலிருந்து அழகு என்பதற்குப் போவது இயல்பான பாதைதான். லத்தீனில் 'ஃபோர்மா' என்ற பெயர்ச்சொல்லுக்கே அழகு என்ற பொருளும் உண்டு.

செவில் நகரத்து ஆயர் இசிதோர் (இறப்பு 636) வேறு மாதிரி விளக்கம் தந்தார். பழைய லத்தீனில் 'ஃபோர்முஸ்' என்றால் சூடான. சூடு இரத்தத்தைக் கிளப்பும், இரத்தம் அழகைத் தரும், அதனால் ஃபோர்மோஸுஸ் என்றார். சொல்லாராய்ச்சியாக இது நிற்காது. ஆனால் முகத்தில் இரத்தம் ஓடுவதே அழகு என்று ஒரு காலத்தவர் பார்த்தார்கள் என்பதற்குச் சான்று.

#5 புதுவைக்கடல்

பிரெஞ்சுப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

'பெல்லுஸ்' என்பதும் லத்தீன்தான். 'நல்ல' என்ற பொருள்தரும் 'போனுஸ்' என்பதன் குறுமை வடிவம் அது. போனுஸ் பழைய லத்தீனில் 'துவெனோஸ்' என்று இருந்தது. ரோமில் 1880இல் கிடைத்த ஒரு சின்ன மண்கலத்தில் இந்தச் சொல் பொறித்திருக்கிறது. துவெனோஸுக்குக் குறுமை விகுதி சேர்ந்து 'துவென்லோஸ்' போன்ற ஒரு வடிவம் வந்து, அது தேய்ந்து பெல்லுஸ் ஆனது. அதாவது 'நல்லது' என்பதைச் செல்லமாகச் சொல்வது. முதலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் பொருந்தும். வளர்ந்த ஆணைப் பார்த்து 'பெல்லுஸ் ஹோமோ' என்றால் மினுக்கிக்கொண்டு திரிகிறவன் என்ற குத்தல் அதில் இருக்கும். மார்சியாலிஸ் என்ற கவிஞர் அப்படி ஒருவனை வைத்துக் கவிதையே எழுதியிருக்கிறார்.

இந்தச் செல்லச் சொல்தான் பிரான்ஸையும் இத்தாலியையும் பிடித்தது. ஃபிரெஞ்சில் ஆண்பால் ஒருமைக்கே இரண்டு வடிவம்: மெய்யெழுத்துக்கு முன்னால் 'போ', உயிருக்கு முன்னால் 'பெல்'. புதுச்சேரியில் பள்ளியில் ஃபிரெஞ்சு படித்த எல்லோரும் இதை மனப்பாடம் செய்திருப்பார்கள், காரணம் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். காரணம் இதுதான். பழைய ஃபிரெஞ்சில் வேற்றுமை இரண்டு மிஞ்சியிருந்தன. எழுவாயாக வரும்போது பெல்லுஸிலிருந்து 'பெல்ஸ்', மற்ற இடங்களில் 'பெல்'. லகரத்துக்குப் பின்னால் இன்னொரு மெய் வந்தால் அது உகரமாகக் கரைந்துவிடும். பெல்ஸ் 'பெயவ்ஸ்' ஆகி, கடைசியில் வெறும் 'போ' என்று சுருங்கியது. உயிர் வருகிற இடத்தில் லகரம் தப்பித்தது. பெண்பால் 'பெல்'லில் லகரத்துக்குப் பின் எப்போதும் உயிர் இருந்ததால் அங்கே ஒன்றும் ஆகவில்லை.

பன்மையில் கடைசியாக ஒரு எக்ஸ் எழுத்துப் போடுவார்களே, அது ஏடு எழுதினவர்களின் சுருக்கெழுத்து. '-உஸ்' என்பதை ஒரு குறியால் எழுதினார்கள், அது எக்ஸ் போலவே இருந்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

உறவுமுறையிலும் இது உண்டு. மாமனார் 'போ-பேர்', மாமியார் 'பெல்-மேர்', மருமகள் 'பெல்-ஃபீய்'. அழகான அப்பா, அழகான அம்மா என்று பொருள் கொள்ளக் கூடாது. இடைக்காலத்தில் 'போ' என்பது மரியாதையும் பிரியமும் கலந்த விளிச்சொல். கொண்டு கொடுத்த உறவினரை அப்படி மரியாதையாக அழைத்த பழக்கம் உறவுப் பெயராகவே உறைந்துவிட்டது.

#6 வேர்தேடி

புதுவைக்கடல், நன்றி. 'பெல்' என்பதற்கு இவ்வளவு காலம் காரணம் தெரியாமலே இருந்தேன்.

ஒரு சந்தேகம். லத்தீனில் 'பெல்லும்' என்றால் போர் என்று படித்திருக்கிறேன். 'ரெபெல்' கூட அதிலிருந்துதான். பெல்லுஸின் மூன்றாம் பால் வடிவமும் பெல்லும்தானே? அழகும் போரும் ஒரே வேரா?

#7 பழஞ்சுவடி

இல்லை. எழுத்தில் ஒன்றாகத் தெரிகிறது, அவ்வளவே. போர் என்ற பெல்லும் பழைய லத்தீனில் 'துவெல்லும்'. ஆங்கில 'டூயல்' அந்தப் பழைய வடிவத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அழகு என்ற பெல்லுஸ் துவெனோஸிலிருந்து வந்தது. சொல்முதல் 'துவ' என்பது லத்தீனில் பகரமானது (இரண்டு முறை என்ற 'துவிஸ்' என்பது 'பிஸ்' ஆனதும் அப்படியே). வெவ்வேறு வேர்கள், ஒரே ஒலி விதியால் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன.

இந்த மோதலுக்கு முடிவும் உண்டு. போர் என்ற பெல்லும் பேச்சு மொழிகளில் பிழைக்கவில்லை. இத்தாலியனில் 'குவெர்ரா', ஃபிரெஞ்சில் 'கேர்', ஸ்பானிஷில் 'கெர்ரா' எல்லாம் ஜெர்மானியச் சொல். களம் அழகுக்கே கிடைத்தது.

#8 எதிர்க்கேள்வி

எல்லாம் சரி, முதல் பதிவின் முக்கியக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. நடுவில் ஏன் இல்லை?

அதோடு, இத்தாலியில் ஃபோர்மோஸுஸ் இல்லவே இல்லை என்பதையும் நான் ஏற்க மாட்டேன். வெனிஸில் 'சாந்தா மரியா ஃபோர்மோஸா' என்று தேவாலயமே இருக்கிறது. மாதா அழகிய உருவத்தில் காட்சி தந்ததாக அதன் தலக்கதை. இத்தாலியனில் 'ஃபோர்மோஸோ' என்ற பெயரடையும் அகராதியில் உண்டு.

#9 பழஞ்சுவடி

இருக்கிறது, பொருளைப் பாருங்கள். இன்றைய இத்தாலியனில் ஒரு பெண்ணை 'ஃபோர்மோஸா' என்றால் உடல் வாளிப்பானவள் என்று அர்த்தம். 'அழகி' என்று நினைத்துச் சொல்லிவிடக் கூடாது. அன்றாட 'அழகான' என்ற இடத்தில் பெல்லோ உட்கார்ந்திருக்கிறது. எனவே கேள்வி, சொல் இருந்ததா என்பதைவிட, அந்த நாற்காலி யாருக்குக் கிடைத்தது என்பதே.

இப்போது நிலப்படத்துக்கு வருகிறேன். மத்தேயோ பார்தோலி (1873–1946) என்ற இத்தாலிய மொழியியலாளர் இதை ஒரு விதி போலவே சொன்னார். ஒரு பெரிய மொழிப்பரப்பின் மையத்தில் புதுச்சொல் கிளம்பும். அது சுற்றிலும் பரவும். ஓரங்களுக்குப் போய்ச் சேருவதற்குள் வேகம் தீர்ந்துவிடும். ஆகவே ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஓரங்களில் ஒரே சொல்லும், நடுவில் வேறொரு சொல்லும் இருந்தால், ஓரத்தில் இருப்பதே பெரும்பாலும் மூத்தது.

ஒரே ஒரு சொல்லை வைத்து இதைச் சொன்னால் தற்செயல் எனலாம். ஆனால் இந்த ஒரு பெயரடையை ஒப்பீட்டு வடிவத்தில் போட்டுப் பாருங்கள். செவ்வியல் லத்தீனில் 'இன்னும் அழகான' என்பதற்கு ஒரே சொல்: ஃபோர்மோஸியோர். மிக அழகான என்றால் ஃபோர்மோஸிஸ்ஸிமுஸ். பேச்சில் இந்த விகுதிகள் செத்து, 'அதிகம்' என்ற தனிச்சொல் முன்னால் வர ஆரம்பித்தது. அதிகத்துக்கு லத்தீனில் இரண்டு சொல்: 'மகிஸ்', 'ப்ளுஸ்'. ஸ்பானிஷில் என்ன? 'மாஸ் எர்மோஸோ'. ருமேனியனில்? 'மய் ஃப்ருமோஸ்'. இரண்டிலும் மகிஸ். இத்தாலியனில் 'பியூ பெல்லோ', ஃபிரெஞ்சில் 'ப்ளு போ'. இரண்டிலும் ப்ளுஸ். இரண்டு சொல்லாலான சின்னத் தொடரில் இரண்டு சொல்லுமே அந்தக் கோட்டில் பிரிகின்றன.

மேசைக்கு ஸ்பெயினில் 'மேஸா', ருமேனியாவில் 'மாஸ', இரண்டும் லத்தீன் 'மென்ஸா'. (தமிழ் மேசை போர்த்துகீசு வழி வந்த அதே மென்ஸாதான்.) நடுவில் பலகை என்ற பொருளுடைய 'தாபுலா': தாவொலா, தாப்ள். கொதிப்பதற்கு ஓரங்களில் 'எர்வீர்', 'ஃபியெர்பெ'. நடுவில் 'பொல்லீரே', 'புயீர்'. தோளுக்கு ஓரங்களில் 'ஓம்ப்ரோ', 'உமர்'. நடுவில் 'ஸ்பால்லா', 'ஏப்போல்'.

பாலாடைக்கட்டி என் மனதுக்கு மிகப் பிடித்த உதாரணம். ஓரங்களில் லத்தீன் 'காஸேயுஸ்': ஸ்பானிஷில் 'கேஸோ', போர்த்துகீசில் 'கெய்ஜு', ருமேனியனில் 'கஷ்'. இன்னும் வடக்கே போய் ஜெர்மானிய மொழிகளில் கடனாக நுழைந்து ஆங்கில 'சீஸ்' ஆனதும் அதுவே. நடுவில் ஃபிரெஞ்சு 'ஃப்ரொமாஜ்', இத்தாலிய 'ஃபோர்மாஜ்ஜோ'. இவை எதிலிருந்து? 'ஃபோர்மா'விலிருந்து! அச்சில் வார்த்த பாலாடை என்று பொருள். ஃபிரெஞ்சில் முதலில் 'ஃபொர்மாஜ்' என்றுதான் இருந்தது. ரகரம் நிலைமாறி ஃப்ரொமாஜ் ஆனது. ஃபோர்மோஸுஸ் ஃப்ருமோஸ் ஆனபோது ரகரம் தாவிய அதே தாவல், அதே வேரின் மேல், இரண்டு தனித்தனி மொழிகளில்.

#10 எதிர்க்கேள்வி

உதாரணங்கள் வலுவானவை. ஆனால் 'ஓரத்தில் மூத்தது' என்பதை அப்படியே விழுங்க முடியவில்லை. இரண்டு தடை.

ஒன்று, காலம். ரோமர்கள் ஸ்பெயினில் கால் வைத்தது கி.மு. 218. இன்றைய ருமேனியாவில் தாக்கியாவைப் பேரரசர் திராயானுஸ் பிடித்தது கி.பி. 106. நடுவே 300 ஆண்டுக்கும் மேல். இரண்டு இடத்துக்கும் ஒரே 'பழைய லத்தீன்' போயிருக்க முடியாது.

இரண்டு, ஃபோர்மோஸுஸே மூத்த சொல் கிடையாதே. செவ்வியல் லத்தீனின் தலைமைச் சொல் 'புல்கெர்'. உரைநடையில் எங்கு பார்த்தாலும் அதுதான். ஃபோர்மோஸுஸ் கவிஞர்களின் காதல் பாட்டில்தானே அதிகம்? அப்படியென்றால் மூத்தது எங்கே போயிற்று?

#11 பழஞ்சுவடி

முதல் தடைக்கு: பார்தோலியின் வாதம் குடியேறிய ஆண்டைப் பற்றியது அல்ல. 106இல் தாக்கியாவுக்குப் போன படைவீரர்களும் குடியேறிகளும் பேசிய லத்தீனில் ஃபோர்மோஸுஸ் உயிரோடு இருந்தது. அதே காலத்தில் ஸ்பெயினிலும், இத்தாலியிலும்கூட உயிரோடு இருந்தது. பேரரசர் அவுரேலியானுஸ் 270களில் தாக்கியாவைக் கைவிட்ட பிறகு கிழக்கு லத்தீன் மெல்ல மெல்லத் தனித்தது. அதற்கப்புறம் நடுவில் பெல்லுஸ் முழு வெற்றி பெற்றபோது, அந்தச் செய்தி கிழக்கை எட்டவில்லை. மேற்கில் பிரெனே மலைக்கு அப்பால் அரைகுறையாக எட்டியது. ஸ்பானிஷ் 'பெல்யோ' இருக்கிறது, ஆனால் இலக்கிய வாடை வீசும் சொல்.

இரண்டாவது தடையில் நீங்கள் சொல்வது சரி, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. ரோமக் கவிஞர் வெர்கிலியுஸின் முல்லைப் பாட்டுகள் இரண்டாவதன் முதல் வரியே 'ஃபோர்மோஸும் பாஸ்தோர் கோரிதோன் ஆர்தேபாத் அலெக்ஸின்' என்று தொடங்கும். மேய்ப்பன் கோரிதோன் அழகன் அலெக்ஸிஸ்மேல் கொண்ட காதலில் வெந்துகொண்டிருந்தான் என்று பொருள். இதே இரண்டாம் வேற்றுமையைத்தான் முன்னர் பார்த்தோம். வரியின் முதலில் 'அழகான'. அது தழுவும் பெயர் 'அலெக்ஸின்' வரியின் கடைசியில். நடுவில் மேய்ப்பன் மாட்டிக்கொண்டிருக்கிறான். வேற்றுமை விகுதி பெயரடையிலும் இருப்பதால்தான் இந்த விளையாட்டு சாத்தியம். தமிழில் 'அழகான' என்று எழுதிவிட்டு நான்கு சொல் தள்ளிப் பெயரை வைத்தால் தொடர் உடைந்துவிடும்.

அதே வெர்கிலியுஸ் போர்க்காவியமான ஈனெயித்தில் இந்தப் பெயரடையை ஒரு இடத்தில்கூடத் தொடவில்லை. அங்கே புல்கெர்தான். ஃபோர்மோஸுஸ் உடலைக் கண்ணால் தொட்டுப் பார்க்கிற சொல். புல்கெர் அதைவிட உயர்ந்த ஆசனத்துச் சொல். ஒரு செயலும் புல்கெர் ஆகலாம், ஒரு மரணமும் ஆகலாம். இன்னொரு ரோமக் கவிஞர் ஓவிதியுஸ் காதல் கலை சொல்லும்போது கிரேக்கக் காவிய வீரன் உலிஸ்ஸேஸைப் பற்றி, 'நோன் ஃபோர்மோஸுஸ் எராத், செத் எராத் ஃபாகுந்துஸ்' என்பார். அவன் அழகன் இல்லை, ஆனால் பேச்சுவல்லவன். கடல் தேவதைகளே அவன்மேல் காதல் கொண்டு வாடினார்கள் என்று தொடரும்.

புல்கெர் போன இடம்: லத்தீனிலிருந்து பிறந்த எந்த மொழியின் தெருப்பேச்சிலும் அது தானாக வளர்ந்து வரவில்லை. ஸ்பானிஷ் 'புல்க்ரோ' பின்னாளில் ஏட்டிலிருந்து எடுத்த சொல். இன்று அதற்குச் சுத்தபத்தமான, நேர்த்தியான என்று பொருள்.

சொல் பேச்சில் உயிரோடு இருந்ததற்கு வேறொரு சாட்சியும் சொல்லிவிடுகிறேன். 'ப்ரோபுஸின் பின்னிணைப்பு' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பிற்கால லத்தீன் ஆசிரியர் ஒருவர் 'இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே' என்று 227 சொற்களுக்கு எழுதி வைத்தது. அதில் ஒரு வரி: 'ஃபோர்மோஸுஸ் நோன் ஃபோர்முன்ஸுஸ்'. பேச்சில் ஸகரத்துக்கு முன் வரும் னகரம் விழுந்துவிடும். மென்ஸா என்பதை மேஸா என்றார்கள். அதைத் திருத்துகிற வேகத்தில் சிலர் னகரத்தைத் தேவையில்லாத இடத்திலும் செருகினார்கள். மனிதர்கள் வாயில் புழங்காத சொல்லுக்கு ஆசிரியர் திருத்தம் எழுத மாட்டார்.

#12 மயில்கொன்றை

புல்கெர் செத்தது என்று பழஞ்சுவடி ஐயா எழுதியதும் வந்தே தீர வேண்டியதாயிற்று. தாவரவியலில் அது தினமும் புழங்குகிறது. என் புனைபெயரையே பாருங்கள். நம் ஊர் வேலியோரம் நிற்கும் மயில்கொன்றையின் அறிவியல் பெயர் 'சீசல்பீனியா புல்கெர்ரிமா', மிக மிக அழகானது. பெயரடை '-எர்' என்று முடிந்தால் மிகைவடிவம் '-எர்ரிமுஸ்' என்று ரகரம் இரட்டிக்கும். ஃபோர்மோஸுஸுக்கு '-இஸ்ஸிமுஸ்'. மெக்ஸிகோவின் செந்நிற அல்லி ஒன்றுக்கு 'ஸ்ப்ரெகேலியா ஃபோர்மோஸிஸ்ஸிமா' என்று பெயர். இரண்டு பெயரடையின் மிகைவடிவமும் இப்படிப் பூந்தொட்டியிலேயே கிடைக்கும்.

ராஜஸ்தானின் அபு மலைப் பக்கம் ஒரு பச்சை நிறச் சில்லைக் குருவி இருக்கிறது, இந்தியாவுக்கே உரியது: 'அமண்டவா ஃபோர்மோஸா'. அமண்டவா என்பது அகமதாபாத் ஊர்ப்பெயரின் திரிபு. 'அகமதாபாத் அழகி' என்றே சொல்லலாம். அமண்டவா பெண்பாலாகக் கொள்ளப்படுவதால் ஃபோர்மோஸா. பெயரடை பாலோடு ஒத்துப்போகும் விதி இன்றும் உயிரியலாளர்களைக் கட்டுப்படுத்துகிறது.

மெக்ஸிகோவின் வடகிழக்கிலும் டெக்ஸஸின் தெற்கிலும் வாழும் 'பொயெசிலியா ஃபோர்மோஸா' என்ற மீனுக்கு ஆண் இனமே கிடையாது. வேறு இன ஆண்மீனோடு கூடும், ஆனால் குஞ்சுக்கு அந்த ஆணின் மரபணு சேராது. 1932இல் இதை அறிந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை: 'ஃபோர்மோஸானுஸ்' என்று பார்த்தால் அழகான என்று மொழிபெயர்க்காதீர்கள். அது 'தைவானைச் சேர்ந்த'. வீட்டு மரத்தை அரிக்கும் ஒரு கறையானுக்கு 'ஃபோர்மோஸானுஸ்' என்றே பெயர்.

#13 வேர்தேடி

தைவானா? அது எப்படி இங்கே வந்தது?

#14 பழஞ்சுவடி

16ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் கப்பலோட்டிய போர்த்துகீசியர் 'இல்யா ஃபொர்மோஸா', அழகிய தீவு என்றார்கள். அவர்கள் அங்கே குடியேறவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1624இல் தெற்கே டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1626இல் வடக்கே ஸ்பானியர் வந்து 1642 வரை இருந்தார்கள். ஸ்பானியர் அந்தத் தீவை எப்படி அழைத்தார்கள் தெரியுமா? 'இஸ்லா எர்மோஸா'. ஒரே லத்தீன் சொல்லின் இரண்டு பிள்ளைகளும் ஒரே தீவின்மேல் பெயராக விழுந்தன. 1895இல் சீனா அதை ஜப்பானுக்குக் கொடுத்தபோது உள்ளூரில் சில மாதமே நின்ற குடியரசுக்கும் ஐரோப்பியர் வாயில் ஃபோர்மோஸாதான் பெயர்.

ஆர்ஜென்டினாவிலும் ஒரு ஃபோர்மோஸா மாகாணம் உண்டு. பராகுவே ஆற்றின் ஒரு வளைவை 'புவெல்தா ஃபெர்மோஸா' என்று அழைத்த பழைய பெயரிலிருந்து வந்தது. முன்னே சொன்ன ஃபெர்மோஸோ என்ற இடைப்படி அங்கே ஆற்று வளைவில் தங்கியிருந்தது.

#15 புதுவைக்கடல்

பெயர் என்றதும் திருத்தந்தை ஃபோர்மோஸுஸை விட்டுவிட முடியாது. 891 முதல் 896 வரை ரோமில் பதவியில் இருந்தார். இறந்த பிறகு 897இல், அவருக்குப்பின் வந்த ஆறாம் ஸ்தேவான் அவர் உடலைத் தோண்டி எடுத்து, திருவுடை போர்த்தி, ஆசனத்தில் உட்கார வைத்து விசாரணை நடத்தினார். பிணத்தின் சார்பில் பதில் சொல்ல ஒரு உதவிக் குருவை நிறுத்தினார்கள். ஆசி வழங்கிய விரல்களை வெட்டி, உடலைத் தீபெர் ஆற்றில் போட்டார்கள். அந்த ஸ்தேவானையே அதே ஆண்டில் சிறையில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அதற்குப்பின் எந்தத் திருத்தந்தையும் அந்தப் பெயரைத் தரித்ததில்லை. 1464இல் தேர்வான இரண்டாம் பவுல் முதலில் ஃபோர்மோஸுஸ் என்ற பெயரைத்தான் நினைத்ததாகவும், அவர் பார்க்க அழகானவர், தற்பெருமையாகத் தோன்றும் என்று கர்தினால்கள் தடுத்ததாகவும் சொல்வார்கள்.

#16 வேர்தேடி

படிக்கப் படிக்க விரிந்துகொண்டே போகிறது. கடைசியாக நடைமுறைக் கேள்வி. ஸ்பெயினிலோ லத்தீன் அமெரிக்காவிலோ போனால் எர்மோஸோ சொன்னால் போதுமா? என் பாடப்புத்தகத்தில் 'போனீத்தோ', 'லிந்தோ' எல்லாம் வருகிறது.

#17 பழஞ்சுவடி

எர்மோஸோ சொல்லலாம், தவறே இல்லை. ஆனால் அது கனமான சொல். கடல், மலை, பெண், கவிதை என்று உணர்ச்சியோடு சொல்லும் இடத்துக்கு ஏற்றது. ஒரு சட்டையையோ பையையோ பார்த்துச் சொல்ல ஸ்பெயினில் 'போனீத்தோ', லத்தீன் அமெரிக்காவில் 'லிந்தோ' இயல்பு. போர்த்துகீசிலும் இப்படித்தான்: 'ஃபொர்மோஸு' செய்யுளுக்கும் ஊர்ப்பெயருக்கும் ஒதுங்கிவிட்டது, பேச்சில் 'பொனீத்து', 'லிந்து'. ஆக ருமேனியாவில் மட்டும்தான் பழைய ஃபோர்மோஸுஸ் சந்தையிலும் அடுக்களையிலும் முழு ஆட்சி செய்கிறது.

'லிந்தோ'வின் மூலம் சட்டப்படியான என்ற 'லெகிதிமுஸ்'. முறைப்படியான, கலப்பில்லாத, நல்ல, அழகான என்று பொருள் நகர்ந்தது. 'போனீத்தோ' இன்னும் சுவை. 'புவேனோ', அதாவது பழைய போனுஸ், அதன்மேல் '-ஈத்தோ' என்ற குறுமை விகுதி. ரோமில் துவெனோஸுக்குக் குறுமை விகுதி சேர்த்துப் பெல்லுஸ் செய்தார்கள் அல்லவா? பல நூற்றாண்டு கழித்து ஸ்பானிஷ்காரர்கள் அதே 'நல்ல' என்ற சொல்லை எடுத்து, அதற்குத் தங்கள் குறுமை விகுதியைச் சேர்த்து, மறுபடியும் 'அழகான' என்று ஒரு சொல் செய்துகொண்டார்கள். பெல்லுஸ் நடுவில் ஃபோர்மோஸுஸைத் தள்ளியது போலவே, போனீத்தோ இப்போது ஸ்பெயினில் எர்மோஸோவை அன்றாடப் பேச்சிலிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

#18 க்லூஜ்வாசி

அப்ப இங்க ஃப்ருமோஸுக்குப் போட்டி இல்லையோ எண்டு என்னோட வேலை செய்யிற ருமேனியரிட்டக் கேட்டன். 'ட்ரகுத்ஸ்' எண்டு ஒண்டு இருக்கு, அன்பான, செல்லமான எண்டு பொருள், குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும் சொல்லுவினம். அடியிலை 'ட்ராக்' எண்ட சொல், பிரியமான எண்டு, ஸ்லாவிய மொழியில இருந்து வந்தது. அதுக்குப் பின்னால '-உத்ஸ்' எண்டு குறுமை விகுதி. பழஞ்சுவடி அண்ணை சொன்ன அதே சூத்திரம். ஆனால் மலையைப் பாத்து அதைச் சொல்ல மாட்டினம். அதுக்கு இண்டைக்கும் ஃப்ருமோஸ்தான்.